ஒரு வீட்டில் ஒருவர்

பிரான்சில், லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இரவல் ஆட்டக்காரன். எங்கள் கிரிக்கெட் அணிகள் எல்லாம் ஊர்ப்பெயரில் இருந்தன. எந்த ஊருக்கு ஆள் குறைந்தாலும் சனிக்கிழமை மாலை யாராவது கடைக்கு வந்து, கத்தரிக்காய் தெரிந்தெடுத்தபடி, "நாளைக்கு நிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். "ஓம்" என்பேன். மட்டை பிடிப்பதில் நான் சுமார்தான். மட்டையாளருக்குக் கிட்ட நின்று பந்து பிடிப்பதற்காகத் தேடி வந்தார்கள். மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல் தருவார்கள். கோப்பை வென்றால் படத்துக்கு ஊர்க்காரர் மட்டும் நிற்பார்கள். நான் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

சொந்த ஊருக்கு மட்டும் ஆடியதில்லை. அந்த அணியின் தலைவர் என் அண்ணை. என்னைப் பிரான்சுக்குக் கூப்பிட்டவரும், லா கூர்னெவில் தன் வீட்டில் எனக்குக் கட்டில் தந்தவரும் அவர்தான். "ஒரு வீட்டிலை ரெண்டு பேர் எண்டால் சனம் கதைக்கும்" என்பார். அதில் எனக்குக் கோபம் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

போர் முடிந்த 2009 கோடையில் எங்களில் யாரும் பந்தைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு கோடையில் எங்கள் ஊர் முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணிக்கு ஓர் ஆள் குறைய, வழக்கம்போல் என்னைக் கேட்டார்கள். அண்ணையிடம் சொன்னேன்.

"போ. ஆனா எனக்கெண்டு பந்தை விடாதை. அதுக்கும் சனம் கதைக்கும்."

எங்கள் ஊர் வெல்ல இன்னும் நான்கு ஓட்டம் வேண்டியிருந்தது. கடைசி விக்கெட். மட்டையுடன் நின்றது அண்ணை. ஓங்கி அடித்தார். என் இடப்பக்கம் தாழ்ந்து வந்த பந்துக்குப் பாய்ந்தேன். அது விரல்களுக்குள் நின்றது. எழுந்து இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்.

பந்து பிடித்தது ஆட்டம். அந்தக் கத்தல் ஆட்டத்தில் சேராது. அதற்குள் எத்தனை வருடங்கள் இருந்தன என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அண்ணைக்கும் கேட்டிருக்கும்.

எல்லோரும் ஒன்றாகத் திரும்பும் பஸ்ஸில் ஊர்க்காரர் ஒருவர், "வீட்டுக்குள்ளை பாம்பு வளத்திருக்கிறியள் அண்ணை" என்றார்.

"பாம்புக்குக் கை ஏது? இப்பிடிப் பிடிக்குமே?" என்றார் அண்ணை. பஸ்ஸே சிரித்தது.

அடுத்த கோடை தொடங்குமுன், தோய்த்து மடித்த ஊர்ச் சட்டை ஒன்று என் கட்டிலில் இருந்தது. அண்ணையுடையது.

"இனி நீ ஆடு. ஒரு வீட்டிலை ஒராள்தானே."

"நீங்கள்?"

"முழங்கால் நோகுது."

அந்த வாரம்தான் அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைப் பார்த்திருந்தேன். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டையைப் போட்டுப் பார்த்தேன். தோளில் கொஞ்சம் பெரிது.

அதன்பின் சில கோடைகள் ஊருக்கு ஆடினேன். அண்ணை எல்லைக்கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல்களுடன் நிற்பார். நான் பந்து பிடித்தால் முதலில் கத்துவது அவர்தான். நான் வாய் திறக்காமல், பந்தைத் திருப்பி எறிந்துவிட்டு என் இடத்துக்குப் போவேன்.