பெரிய கேமரா வாங்கப் போன நாள்

தாராவியில் எங்கள் தெருக்காரர்களின் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் நான்தான் படம் எடுப்பேன். என்னிடம் இருந்தது, புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கும் சாதாரண டிஎஸ்எல்ஆர். மாதா கோயிலுக்குள் ஃபிளாஷ் போடக் கூடாது என்று பங்குச் சாமியார் சொன்னதிலிருந்து, உள்ளே மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படங்கள் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வந்தன. வேறு கேமரா வாங்க முடிவு செய்தேன்.

“வாங்குததுதான் வாங்குத, பெருசா வாங்கு. சின்னக் கேமராவ வச்சிருந்தா ஒருத்தனும் மதிக்க மாட்டான்” என்று அண்ணனும் கூட வந்தான்.

மாஹிமில் ஒரு கேமராக் கடையில் பெரிய கேமராவைக் கையில் கொடுத்தார்கள். கனம் மணிக்கட்டை இழுத்தது. அதை வைத்துவிட்டு, ஜூம் இல்லாத, வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் ஒரு குட்டி லென்ஸைக் கேட்டு வாங்கி என் பழைய கேமராவில் மாட்டினேன்.

“பாய், ஜரா லைட் பந்த் கரோ” என்றேன்.

கடைக்காரர் சிரித்தபடி விளக்கை அணைத்தார். வாசல் வெளிச்சத்தில் அண்ணனை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். மீசை முடி ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது.

“இம்புட்டு நரச்சிருக்கா?” என்றான். பெரிய கேமராவை அவனே கடைக்காரர் பக்கம் நகர்த்தி வைத்தான். லென்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த ஞானஸ்நானத்தில், ஜூம் இல்லாததால் நானே கிட்டப் போக வேண்டியிருந்தது. தயங்காமல் ஞானத்தாயின் தோளருகே நின்று எடுத்தேன். தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை முகத்தைச் சுளித்த அந்தப் படத்தைத்தான் அதன் அம்மா பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.