பக்கத்திலேயே இருந்துகொண்டு ‘ஆஃப்லைன்’ என்ற ப்ரிண்டர்

இன்று காலை ஒன்பது மணி. ப்ரிண்டர் ஆஃப்லைனாம்!

எனக்கும் அதற்கும் நடுவே இரண்டடி தூரம்தான். வைஃபை விளக்கு பளிச்சென்று எரிகிறது. மேலே தாளை வைத்து ஜெராக்ஸ் எடுத்தால் ஒழுங்காக எடுத்துத் தருகிறது. லேப்டாப்பிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் மட்டும் ஆளே ஊரில் இல்லையாம்.

(தேவிகாபுரத்துச் சொந்தக்காரர் போன் செய்தால் என் வீட்டுக்காரர் என்னைச் சொல்லச் சொல்வாரே, அதே பதில்!)

அவசரம் என்னவென்றால், ஒரு கல்யாணப் பட்டுப்புடவை. முந்தியில் பெண், மாப்பிள்ளை பெயர் வரவேண்டும். நான் பெயரைக் கட்டம் கட்டமாக வரைந்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். எங்கள் தறியில் நெய்யும் ஏழுமலை அண்ணன் அந்தத் தாளைப் பார்த்து இழை எண்ணி நெய்வார். புடவை முந்தி வரைக்கும் வந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை போளூரிலிருந்து பெண் வீட்டார் வாங்க வருகிறார்கள். இன்று தொடங்கினால்தான் உண்டு.

தறி அறையிலிருந்து குரல்.

“இன்னா மா, பேப்பர் வந்துச்சா? நான் சும்மா ஒக்காந்துகினு கீறேன்!”

“அஞ்சே நிமிஷம் அண்ணே!”

ப்ரிண்டரை அணைத்துப் போட்டேன். ஆஃப்லைன்.

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஆஃப்லைன்.

ஒவ்வொரு முறையும் நப்பாசையில் பிரிண்ட் பட்டனை வேறு அழுத்தினேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

‘வெளியே கடையில் எடுக்கவேண்டியதுதானே?’ என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: போன வருடம் புடவைக்கு ஒரு புது புட்டாப் பூ டிசைனைக் கடையில் பிரிண்ட் எடுத்தேன். பத்தே நாளில் பின் தெருவில் நாலு தறியில் அதே புட்டா! அன்றோடு சரி.

‘ஒயர் போட்டு எடுக்கலாமே?’ எடுக்கலாம். அந்த ஒயரால்தான் என் மாமனார் தறிக்கு மேலே ட்யூப்லைட்டை இழுத்துக் கட்டியிருக்கிறார்.

பத்தரை மணி. அழுகையே வந்துவிட்டது. கல்யாணப் பெண் இரண்டு முறை போன் செய்து, “அக்கா, பேரு நல்லா தெரியுமில்ல?” என்று கேட்டவள். அவளுக்கு என்ன சொல்வேன்?

வேலூர் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் என் தங்கையைப் போனில் பிடித்தேன்.

“அக்கா, கத்தாத. ப்ரிண்டர்லயே நெட்வொர்க் ரிப்போர்ட்னு ஒண்ணு கீது, அத எடு. அதுல ஐபி அட்ரஸ் இன்னான்னு பாரு.”

“கடைசி நம்பர் ஏழு.”

“இப்ப லேப்டாப்புல ப்ரிண்டர் செட்டிங்க்ஸ் பாரு.”

“நாலு.”

“அவ்ளோதான்! உன் ப்ரிண்டர் ஏழாம் நம்பர் வீட்டுக்குக் குடி போயிடுச்சு. நீ நாலாம் நம்பர் கதவையே தட்டிகினு கீற.”

ரூட்டர் அணைந்து எரிந்தால், வருகிறவருக்கெல்லாம் காலியாக இருக்கும் ஏதோ ஒரு நம்பரைப் புதிதாகக் கொடுக்குமாம்.

“அப்ப நாலாம் நம்பர்ல யாரு?”

ரூட்டர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் மாமனாரின் போன்!

ஒன்றரை மணி நேரமாகப் புடவை டிசைனை மாமனாரின் போனுக்கு பிரிண்ட் கொடுத்திருக்கிறேன்!

“ரூட்டர யாரு ஆஃப் பண்ணாங்க? போன மாசமும் இதே புலம்பல் அனுப்பின. அதுக்கு முந்தின மாசமும்.”

பழைய மெசேஜ்களைத் தேடிக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். மூன்று முறையும் அமாவாசைக்கு மறுநாள்.

அமாவாசை என்றால் எங்கள் தெருவில் தறிச் சத்தமே கேட்காது. அன்று நெசவுக்கு விடுமுறை. எங்கள் ரூட்டர் இருப்பதோ தறி அறைச் சுவரில்!

“மாமா, நேத்து ரூட்டர நிறுத்தனீங்களா?”

“ஆமா மா. தறி ரூம்புல கீற எல்லாத்தையும்தான் நிறுத்துவேன். அது மட்டும் மாசம் பூரா ஒழைக்கலயா? பொட்டு வெச்சி நிறுத்தனேன். காலையில நாந்தான் மொத ஆளா போட்டேன்.”

போய்ப் பார்த்தேன். ரூட்டர் நெற்றியில் குங்குமம்.

நேற்று முழுக்க நெட் இல்லையென்று கனெக்‌ஷன் கொடுத்தவரைப் போனில் வறுத்தெடுத்திருந்தேன். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

“பரவால்லங்க மேடம். மாசாமாசம் திட்றீங்க, பழகிடுச்சு.”

தங்கை சொல்லச் சொல்ல, ரூட்டரில் ப்ரிண்டருக்கு ஏழாம் நம்பரை நிரந்தரமாக்கினேன். லேப்டாப்பிலும் ஏழு என்று மாற்றினேன்.

கர்ர்ர் என்று ஒரு சத்தம். வந்தது தாள்!

வந்தது... வந்துகொண்டே இருந்தது. நப்பாசையில் அழுத்திய பதினோரு பிரிண்டும் வரிசை கட்டி வந்தன.

ஏழுமலை அண்ணன் தாள்கட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“ஒரு பொண்ணுக்குப் பதினோரு பொடவையா மா?”

சிரித்துக்கொண்டே போய்த் தறியில் உட்கார்ந்தார். பெண்ணின் முதல் எழுத்து விழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மாமனார் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப இனிமே அமாவாசைக்கு நிறுத்தலாம் இல்ல?”

“தாராளமா நிறுத்துங்க மாமா. தறிக்கு லீவு, ரூட்டருக்கு லீவு. நேத்து அமாவாசை பூரா ஒக்காந்து இந்தப் பேர வரைஞ்சது யாரு? எனக்கு எப்ப லீவு?”

கோபத்தில் கேட்டுவிட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்.

“லேப்டாப்பு எங்க வெச்சிகினு வேல செய்ற?”

“ஹால்ல.”

“தறி ரூம்புக்குக் கொண்டாந்துடு. அதையும் நானே நிறுத்திடறேன்.”

மேஜையை இப்போதுதான் இழுத்துப் போட்டு முடித்தேன். உங்கள் வீட்டில் யாரை, எந்த அறைக்கு மாற்றவேண்டும்?