போத்தல் கிழங்கு சுகிர்தம்

கையைக் கழுவும்போது சுகிர்தம் யாரையாவது ஏசிக்கொண்டிருப்பாள். முழங்கை வரை சவர்க்காரம் போட்டு, நகக்கண்களைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரிட்டு காயும்வரை ஏச்சு நீளும். கதவைச் சாத்தாமல் போன கிளார்க், பீடி குடித்த வாயோடு எட்டிப் பார்த்த டிரைவர், தலையில் ரோசாப்பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வந்த ராக்காயி என்று ஒருவரும் தப்ப முடியாது. "தலையில பூவு, பூவுல பூஞ்சணம். ஒரு மாச வேலையத் தின்னுபுடும். ஒனக்கென்னா, போத்தலக் கழுவுறதோட முடிஞ்சிச்சு." பிறகு மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போவாள். போனால் மதியம் வரை பேச்சில்லை. அங்கே மூச்சுக்காற்றே பகை.

நுவரெலியாவுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த உருளைக்கிழங்குப் பண்ணையொன்றில், எண்பதுகளின் நடுவில், அவள் ஆய்வுகூட உதவியாளர். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டத்திலிருந்து விஞ்ஞானம் படித்து உத்தியோகத்துக்கு வந்த பெண் அவள் ஒருத்திதான். வாயில் மிளகாய்க் காரம் என்பதால் பண்ணையில் அவளை 'கொச்சிக்காய் மிஸ்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும்.

வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் இறங்கும். ஊர்க் கிழங்கின் உடம்பில் வைரஸ் ஊறிக் கிடக்கிறது, விதையோடு விதையாக அது அடுத்த போகத்துக்கும் போய்விடுகிறது என்பாள். ஆனால் குருத்தின் ஆக நுனியில், ஊசிமுனை அளவுக்கு, நோய் இன்னும் எட்டாத ஓர் இடம் இருக்கும். அதை வெட்டியெடுத்து, போத்தலுக்குள் கஞ்சிப்பசை போல உறைந்த ஊட்டத்தில் ஊன்றினால் சுத்தமான செடி வரும். அந்தச் செடியைக் கணுக்கணுவாக நறுக்கி வேறு போத்தல்களில் வைத்தால் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. "மண்ணும் இல்ல, மழையும் இல்ல. ஒண்ணு நூறாகுது பாருங்க." பழைய ஜாம் போத்தல்களுக்குள், டியூப் லைட் வெளிச்சத்தில், அலமாரி அலமாரியாகப் பச்சை நிற்கும். அதைப் பார்க்கும்போது அவள் முகத்தில் யார்மேலும் கோபம் இருக்காது.

அவளுடைய அண்ணன் பத்திநாதன் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மண்ணில் கிழங்கு போடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகிர்தம் வீட்டுக்குப் போனபோது, பாத்தி முழுவதும் செடிகள் பச்சை மாறாமலே தலையைத் தொங்கப்போட்டு நின்றன. ஒரு தண்டை அறுத்துக் கிளாஸ் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தாள். அறுத்த வாயிலிருந்து வெள்ளை நூல்கள் பால்போல இறங்கின. வாடல் நோய். இனி அது மண்ணிலேயே குடியிருக்கும். வருஷக்கணக்கில் அங்கே கிழங்கு ஆகாது.

எவனிடம் விதை வாங்கினாய் என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். டவுன் வியாபாரி கழித்துப் போட்ட மூட்டை என்று தெரிந்ததும் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். பத்திநாதன் செத்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்: "நல்ல வெதைக்கு ஒன் பண்ணைக்குத்தான் வந்தேன் தங்கச்சி. காணி உறுதிப் பத்திரம் கொண்டான்னாங்க. தோட்டத்து மண்ணுக்கு நான் எங்க போயி உறுதி வாங்குறது? ஒன் பேரச் சொல்லலாம்னு பாத்தேன். ஒனக்குக் கொறச்சலாப் போயிருமோன்னு திரும்பிட்டேன்."

அன்று பின்னேர பஸ்ஸில் அவள் கண்டக்டரைக்கூட ஏசவில்லை. தன் போத்தல்களிலிருந்து போகிற விதை யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தரமும் கேட்டதில்லை. அண்ணன் வாசல்வரை வந்து திரும்பிய நேரத்தில் அவள் கண்ணாடிக்குப் பின்னால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

மறுநாள் கதவைத் தட்டாமல் பொறுப்பதிகாரி ஹேரத்தின் அறைக்குள் போனாள். ஹேரத் கெட்ட மனிதரில்லை, சட்டம் குலைந்துவிடக் கூடாது என்று பயந்தவர். காணிக்காரருக்கு மட்டும் விதை என்பது மேலிடத்து முடிவு என்றார். அப்படியானால் மிஞ்சுகிற போத்தல் செடிகளையாவது லயங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். நட இடமில்லாமல் வளர்ந்துபோன செடிகளை மாதாமாதம் பீப்பாயில் அவித்துக் கொட்டுவதுதான் பண்ணை வழக்கம். அவர் முடியாதென்று தலையசைத்தார். அவர்களிடம் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள், நோயைப் பரப்பிவிடுவார்கள் என்று, அவளைத் தன் பக்கத்து ஆளாகவே எண்ணி, நயமாகச் சொன்னார்.

"மமத் ஏகொல்லோ தமய்," என்றாள் சுகிர்தம் சிங்களத்தில். நானும் அவர்கள்தான்.

அவள் அதைச் சத்தமில்லாமல் சொன்னதாக வாசலில் நின்ற ராக்காயி பிற்பாடு சொன்னாள். கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

அந்த மாதம் சுகிர்தம் மிச்சப் போத்தல்களை அவிக்க விடவில்லை. நடைபாதையில் அடுக்கி வைத்துவிட்டாள். ஹேரத் ராக்காயியைக் கூப்பிட்டு நெருப்பு மூட்டச் சொன்னார். "வெறகு ஈரமா இருக்குங்க மாத்தயா," என்றாள் ராக்காயி. அடுத்த நாளும் விறகு ஈரமாகத்தான் இருந்தது. ஹேரத் இறங்கி வந்து சுகிர்தத்தைத் தனியாக அழைத்தார். குப்பையில் கொட்டியதாக வைத்துக்கொள்வோம், பிறகு யார் பொறுக்கினாலும் நான் பார்க்கவில்லை என்றார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. "குப்பையில பொறுக்க எங்க ஆளுங்க நாயா? கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றாள். அவர் போடவில்லை.

போத்தல்களில் இலை மஞ்சளாகத் தொடங்கியது. சுகிர்தம் சாக்கு விரித்த கூடைகளில் அவற்றை அடுக்கினாள். நட்டநடுப் பகலில், ராக்காயியோடு முன்வாசல் வழியாகவே நடந்தாள். காவல்காரன் கேட்காமலே கூடையை இறக்கி, மூடியைத் திறந்து, இன்ன செடி, இன்ன இடத்துக்குப் போகிறது, கொண்டுபோகிறவள் நான் என்று சொன்னாள். ராக்காயி தன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

அதற்குப் பலன் உடனே கிடைத்தது. ராக்காயியின் வேலை போயிற்று. சுகிர்தத்தைக் கண்ணாடி அறையிலிருந்து எடுத்து, சாக்குத் தைக்கிற ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஸ்டோர் சன்னலிலிருந்து அந்த டியூப் லைட் வெளிச்சம் தெரியும். அவள் அந்தப் பக்கமாக முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்தாள்.

அண்ணன் இருந்த தோட்டத்தில், மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னாலிருந்த தரிசுதான் நோய் தொடாத மண். அங்கே மணல் நிரப்பிய பெட்டிகளில் போத்தல் செடிகளை நட்டு, சாக்கு நனைத்து மூடி, தளிர்களைக் கிள்ளிக் கிள்ளி ஊன்றி வேர்பிடிக்க வைத்தார்கள். பாதிக்குமேல் அழுகிப்போயிற்று. மிச்சத்துக்கு வேலை போன ராக்காயி காவல். சுகிர்தம் ஞாயிறுதோறும் வந்து லயத்துச் சனத்தை ஒருவர் விடாமல் ஏசினாள். பழைய பாத்தியில் மிதித்த காலோடு வந்ததற்காகப் பத்திநாதனை எல்லாருக்கும் முன்னால் திருப்பி அனுப்பினாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். முதல் போகத்தில் வந்தது கோழிமுட்டையிலும் சிறிய கிழங்குகள். ஒன்றையும் அவிக்க விடாமல் எல்லாவற்றையும் விதைக்கு வைத்தாள். மறு போகத்தில் அந்தத் தரிசு முழுவதும், லயத்துக்கு ஒன்றாகக் கிழங்குப் பாத்தி நிமிர்ந்து நின்றது.

செடி முழங்கால் உயரம் வந்திருந்தபோது ஹேரத்தின் ஜீப் வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரியும், கமராவோடு ஒருவரும் இறங்கினார்கள். தோட்ட மக்களுக்காகப் பண்ணை செய்த உதவி இது என்று ஹேரத் பாத்திகளைக் காட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். மாதா கெபிக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்ற சுகிர்தத்தைக் கண்டதும், இவள் எங்கள் பிள்ளை என்று அறிமுகப்படுத்தினார். படத்துக்காக அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, கொஞ்சம் சிரிக்கும்படி மெதுவாகக் கேட்டார்.

சுகிர்தம் குனிந்தாள். செடிக்கு மண் அணைக்கத் தொடங்கினாள். ஈரமண் சரிந்து ஹேரத்தின் சப்பாத்துக் காலின்மேல் விழுந்தது. அவர் ஒரு வரிசை பின்னால் போனார். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வரிசைக்கு வந்தாள்.