மாமியார் கடன் அறுபது ரூபாய்

முசரவாக்கம் அர்ஜுனன் தன் மாமியார் செல்லியம்மாளுக்கு அறுபது ரூபாய் கடன்பட்டிருந்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, மண் சுமந்து, லாரி கழுவி, முப்பது வயதுக்குள் சொந்தமாக வாடகைக் கார் வைத்தவன். காஞ்சிபுரத்தில் அவனைப் போல ஸ்டீரிங் பிடிக்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு ஏன் கடன்?

எல்லாம் ஒரு பாவால் வந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் காலையில் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். அதுதான் பாவு. அதன்மேல் வண்டி ஏறினால் ஒரு குடும்பத்தின் சோறு அறுந்துபோகும். அர்ஜுனன் காரைத் திருப்பிப் பக்கத்துத் தெருவில் விட்டான். அது கார் நுழையக் கூடாத தெரு. போலீஸ்காரர் கேஸ் எழுதிவிட்டார். அபராதம் ஐந்து ரூபாய்தான். அதன் தலைமேல் சர்க்கார் போட்ட மேல்கட்டணம் அறுபது. கட்டாவிட்டால் லைசென்ஸ் போச்சு. செல்லியம்மாள் ஆட்டை விற்றுக் கொடுத்தாள்.

"வட்டி வேணாம் மாப்ளே. வெள்ளிக்கெழமையானா காமாட்சி கோயிலுக்குக் கூட்டினு போப்பா, போதும்."

அன்றிலிருந்து முன் சீட்டு அவளுடையது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "நம்ம கடங்காரன் வண்டி" என்பாள். சிங்கம் மாதிரி இருந்தவன் சீட்டுக்குள் சுருங்கிப்போனான்.

மேல்கட்டணத்தை எதிர்த்து டிரைவர்கள் ஊர் ஊராகக் கூடிக் கத்தினார்கள். அர்ஜுனன்தான் முன்னால் நின்றான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் மேல்கட்டணமே ரத்தானது. கட்டியவர்களுக்குத் திருப்பியும் கொடுத்தார்கள். ஹாரன் சத்தத்தில் ஊரே அதிர்ந்தது. அர்ஜுனன் நோட்டுகளோடு மாமியாரிடம் ஓடினான். அவளோ இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"இப்ப இன்னா அவசரம்?"

கடன் தீர்ந்தால் கார் சவாரியும் தீர்ந்துவிடுமே.

அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போகும்போது மறுபடி குறுக்கே பாவு. அர்ஜுனன் என்ஜினை நிறுத்தினான்.

"நடை சாத்திடுவாங்க மாப்ளே. பக்கத்துத் தெருவுல வுடு."

"மேல்கட்டணந்தான் போச்சு அத்தே. அஞ்சு ரூபா அபராதம் அப்பிடியே இருக்குது. எறங்குங்க, நடக்கலாம்."

"கார வுட்டுட்டு நடக்கறதா? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"கடங்காரன் வண்டி, நின்னு போச்சுன்னு சொல்லுவாங்க. பணத்த வாங்கிக்கினீங்கன்னா அந்தப் பேச்சே இல்ல."

செல்லியம்மாள் முகம் தொங்கியது. "அப்பால வெள்ளிக்கெழமக்கி?"

"வெள்ளிக்கெழம மாப்ள கூட்டினு போவான். கடங்காரன் வர மாட்டான்."

அவள் பாவைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையிலிருந்து கையை எடுத்து விரித்தாள். பாவு பிடித்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, அர்ஜுனன் உரக்க எண்ணி, பத்துப் பத்து ரூபாயாக அந்த உள்ளங்கையில் வைத்தான்.