பளபளத்த பம்பர்

டெல்லியில் பெட்ரோல் கார் பதினைந்து வயதைத் தாண்டி ஓடக் கூடாது. எங்கள் காருக்கு அந்த வயது நெருங்கியதும் என் கணவர் கலங்கிப்போனார். வேறு மாநிலத்துக்காரர் யாராவது வாங்கினால் அது இன்னும் சில காலம் ஓடும். இல்லாவிட்டால் காயலான் கடைதான். லூதியானாவிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்.

உடனே அலங்காரம் ஆரம்பமானது. வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிப்போன கறுப்பு பம்பருக்கு முதலில் தேங்காயெண்ணெய். எங்கள் வீட்டில் எந்த வியாதிக்கும் முதல் வைத்தியம் அதுதான். அரை நாள் மின்னியது. மாலைக்குள் எங்கள் மோதி பாக் பேட்டையின் புழுதி மொத்தமும் அதில் அப்பிக்கொண்டது. பிறகு கரோல் பாக் கடைத்தெருவிலிருந்து ஒரு பாட்டில் பாலிஷ் வந்தது. பம்பர், கதவோர ரப்பர், டாஷ்போர்டு, ரெக்ஸின் சீட் எல்லாம் பளபளத்தன. மஞ்சளித்த ஹெட்லைட்டை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தார். சொந்தக் காபி டம்ளரைக் கழுவியறியாத கை அது.

லூதியானாக்காரர் வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். பம்பரைத் தட்டிப் பார்த்தார்.

"அங்கிள்ஜி, ஆக்ஸிடென்ட் எப்ப ஆச்சு?" என்று இந்தியில் கேட்டார்.

"ஒரு கீறல்கூடக் கிடையாது. சும்மா துடைச்சேன்."

"இந்த வயசுல இப்படி மின்னினா, எதையோ மறைக்கறீங்கன்னு அர்த்தம்."

டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என் கணவர் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது.

அதன் பிறகு பொறுப்பு என்னுடையது. "அடுத்த ஆள் வர்ற வரைக்கும் துணியைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்றேன். மற்றதை டெல்லியே கவனித்துக்கொண்டது. அடுத்த வாரம் வந்த ஜெய்ப்பூர்க்காரர் புழுதி படிந்த காரைப் பார்த்துப் பூரித்துப்போனார். "அசல் வண்டி. யாரும் கை வைக்கலை."

பேரம் படிந்து, அவர் சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பியும்விட்டார். "ஏக் மினிட், பையா" என்று அவரை நிறுத்திவிட்டு என் கணவர் காருக்கு முன்னால் போய்க் குந்தினார். கைக்குட்டையால் பம்பரைத் துடைக்கத் தொடங்கினார். புழுதிக்கு அடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மின்னியது. காரியத்தைக் கெடுத்தாரே என்று பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அழுக்கோட அனுப்ப மனசு வரலைடி" என்றார் என்னைப் பார்த்து.

ஜெய்ப்பூர்க்காரர் இறங்கி வந்தார். பம்பரைப் பார்த்தார், என் கணவர் முகத்தைப் பார்த்தார். "விடுங்க அங்கிள்ஜி, இனிமே தினமும் நான் துடைக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

அந்த ஆள் போட்டிருந்த அழுக்கு ஷூவைப் பார்த்தாலே தெரிந்தது, அவர் எதையும் துடைக்கிறவர் இல்லை. என் கணவரிடமிருந்து கைக்குட்டையை வாங்கித் துவைக்கப் போட்டேன்.