வட்டப் படமும் அடைக்கலமேரி அண்ணியும்

அடைக்கலமேரி அண்ணி பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை. காசிமேட்டில் எட்டு வயதிலேயே வலை ஊசியைக் கையில் எடுத்தவள். என் அண்ணன் ஹென்றியைக் கட்டிக்கொண்டு ராயபுரம் வந்த பிறகும், பகலெல்லாம் கரையில் கிழிந்த வலைகளைத் தைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

எழுபத்தொன்றாம் வருடம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணனுக்குக் கப்பல்காரர் ஒருவர் ஒரு பெட்டி கொடுத்தார். உள்ளே ஐந்நூறு அட்டைத் துண்டுகள். பொருத்தினால் ஒரு வட்டப் படம் வரும்: ஒரே ஏரிக்கரை, அதில் பூக்காலம், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம்.

"டோரதி இங்கிலீஷ் படிச்சவ. அவதான் முடிப்பா" என்றான் அண்ணன். அந்தப் பேச்சைக் காப்பாற்றியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

வட்டத்துக்கு மூலை கிடையாது. மூன்று ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தும், பனிக்காலத்தில் மாட்டிக்கொண்டேன். அத்தனை துண்டும் வெள்ளை.

"கான்வென்ட்ல படிச்சவ முழிச்சிகினு கீறா பாரு" என்று அம்மா சிரித்தாள்.

அண்ணி வந்து குந்தினாள். நான் பொருத்தியிருந்ததையெல்லாம் கலைத்தாள்.

"இன்னா அண்ணி இது!"

"கிஞ்ச எடத்த சுத்தி நல்லதையும் அறுத்தாத்தான் வலைய தைக்க முடியும், டோரதி."

பிறகு எல்லாத் துண்டுகளையும் ஒரு பலகையில் கவிழ்த்துப் போட்டாள். படமே தெரியவில்லை, சாம்பல் நிற முதுகுகள் மட்டும். "பனியும் பூவும் எனக்கு இன்னா தெரியும்? ஓட்டை தெரியும்." விரலால் விளிம்பைத் தடவித் தடவிப் பொருத்தினாள். பத்தே நாளில் வட்டம் மூடியது. அண்ணன் தெருவையே கூப்பிட்டுக் காட்டினான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

படத்தைப் பார்க்க வேண்டுமானால் திருப்ப வேண்டும். மேலே இன்னொரு பலகையை வைத்து, அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்தோம். பாதி திரும்பியதும் என் பிடியைத் தளர்த்தினேன். ஐந்நூறும் தரையில் சிதறின.

"யாரு வுட்டது?" என்று அண்ணன் கத்தினான்.

அண்ணி என் கையைப் பார்த்தாள். "நான்தாங்க. கை வழுக்கிச்சி."

சொல்லிவிட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக் கவிழ்க்கத் தொடங்கினாள். இந்த முறை நான்கே நாள். திருப்பும்போது மறுபக்கத்தை அண்ணன் பிடித்துக்கொண்டான்.

இப்போது அது கண்ணாடிக்குள் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் "அடைக்கலம் போட்டது, ரெண்டு தபா போட்டா" என்கிறான். அவர்களுக்கு நான் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என் தப்பையாவது அவள் என்னிடம் விட்டிருக்கலாம்.