சேறு கழுவிய இசைத்தட்டுகள்

ஹட்டன் பஸாரில் மின்சாரச் சாமான்கள் திருத்தும் சின்னக் கடை ஒன்று உண்டு. தண்ணீர் கொதிக்கவைக்கும் என் வீட்டுக் கேத்தல் பழுதாகி அதைத் தூக்கிக்கொண்டு போன நாளில்தான் அந்த இசை எனக்கு அறிமுகமானது. கடைக்காரருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. கேத்தலின் அடிப்பாகத்தைக் கழற்றி மேசையில் பரப்பிவிட்டு, பின்னால் சுழன்றுகொண்டிருந்த இசைத்தட்டுக்கு ஏற்றபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன். கிட்டார் வந்தது, போனது. புல்லாங்குழல் வந்தது. பிறகு எல்லாம் அடங்கி, மாதா கோயில் ஓர்கன் போல ஒன்று மெதுவாக எழும்பியது. பாடுகிறவர் நாலு வரி பாடிவிட்டுக் காணாமல் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"இன்னும் அதே பாட்டாங்க ஓடுது?" என்று கேட்டேன்.

என் சேலையையும் மடியிலிருந்த விடைத்தாள் கட்டையும் பார்த்தே நான் யாரென்று அவர் முடிவுசெய்திருந்தார். "அதே பாட்டுதான் டீச்சர். இப்பதான் பாதிக்கு வந்திருக்கு. அவசரமாப் போகணுமா?"

"பஸ் இருக்கு."

"பஸ் அடுத்ததும் வரும்," என்றார்.

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் விரல் தாளத்தை எண்ணத் தொடங்கிவிடும். நாலு நாலாகப் போகும் என்று நினைத்த இடத்தில் ஏழு வந்தது. சரி, ஏழுதான் என்று பிடித்துக்கொண்டபோது அது ஐந்தாக மாறியது. எனக்கு அது புதிதாக இருந்தாலும் அந்நியமாக இல்லை. பொகவந்தலாவையில் நான் பிறந்து வளர்ந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். தப்படிக்கிறவர்கள் ஓர் அடியிலிருந்து இன்னோர் அடிக்குத் தாவும்போது ஆடுகிறவர்களின் கால் ஒரு கணம் நிலத்தைத் தொடாமல் நிற்கும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் பனியில் நின்று பார்த்திருக்கிறேன். அன்று கடையில் அது எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தது. பஸ்ஸை விட்டேன். அடுத்த பஸ்ஸையும் விட்டேன்.

அதற்குப் புரோகிரசிவ் ரொக் என்று பெயர் என்பதையும், அந்தப் பாட்டு ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்திருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். வாலிப வயதில் கொழும்பில் ஒரு ரேடியோக் கடையில் வேலை பார்த்தவர் அவர். ஊரெல்லாம் கசெட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். திருத்தக் கொடுத்த ரெக்கோட் பிளேயரைத் திரும்ப எடுக்க வராதவர்கள், அதோடு கொடுத்த இசைத்தட்டுகளையும் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். முதலாளி எடுத்துக்கொள் என்று சொல்ல, அவர் அவற்றை மடியில் வைத்தபடியே ரயிலில் மலைக்குக் கொண்டுவந்தார்.

அவருடைய வீடு திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசையின் கடைசி வீடு, கடைசிக் காம்பரா. பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் அங்கே கூடுவோம். ரயில்வேயில் வேலை செய்யும் சிங்களவர் ஒருவர் வருவார். எங்களிலேயே பெரிய பைத்தியம் அவர்தான். பொகவந்தலாவை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஓர் இளைஞர் வருவார். இந்தப் பாட்டுகளைத் தொலைபேசியில் கேட்டு மயங்கியவர், இசைத்தட்டு என்ற பொருளை அங்கேதான் முதன்முதலில் கையால் தொட்டார். நான் வருவேன். ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. முடிந்ததும் ரயில்வேக்காரரும் அவரும் மோதிக்கொள்வார்கள். நான் கடையில் கேட்ட பாட்டின் குழு எந்த டிரம்ஸ்காரர் போனபிறகு கெட்டது, கெட்டதா இல்லையா என்ற வழக்கு நான் போன முதல் நாளிலும் நடந்தது. இன்றுவரை தீரவில்லை.

"பஞ்சாயத்து முடிஞ்சிருச்சா? தேத்தண்ணி கொண்டாரவா?" என்று வீட்டுக்காரரின் மனைவி குசினியிலிருந்து கேட்பார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒருநாளும் எங்களோடு வந்து உட்கார்ந்ததில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது சுவருக்கு அப்பாலிருந்து, "அண்ணே, மிசின் ஏதும் பழுதாயிருச்சா?" என்று கத்துவார்.

இந்த மனிதர்களைப் பார்த்து நான் வியக்காத போயா நாள் இல்லை. அந்தக் குழுக்களில் ஒன்றைக்கூட அவர்கள் நேரில் பார்த்ததில்லை. பார்க்கப்போவதுமில்லை. வாசித்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், மிச்சமிருப்பவர்கள் கிழவர்கள். கடைத்தெருவில் நூறு பேரைக் கேட்டால் ஒருவருக்கும் அந்தப் பெயர்கள் தெரியாது. இருந்தும், எத்தனையோ தடவை கேட்ட தட்டில் ஊசி இறங்கும்போது ரயில்வேக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார், ஏதோ பார்க்கப்போவதைப் போல. ஒருமுறை கண்டக்டர், "இந்த இடத்துல பேஸ் கிட்டார் கீழ இறங்குறதை இன்னைக்குத்தான் கேட்டேன். இத்தனை நாளு எங்க போயிருந்துச்சு?" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் அந்த இடத்தைப் பற்றியே பேசினாராம், டிக்கட் கொடுக்கும்போதும்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. நாள்கணக்கில் விடாமல் பெய்தது. லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் வெடிப்பு விட்டிருப்பதை, கோழிக்கூட்டைப் பார்க்கப்போன அக்காதான் கண்டார். உடனே காம்பரா காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டினார். "சாமான எடுக்காதீங்க, புள்ளைகள மட்டும் தூக்கிட்டு வாங்க" என்று எல்லாரையும் கிளப்பித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மேடு லயத்தின் மேலேயே சரிந்து விழுந்தது. அந்த லயத்தில் ஓர் உயிரும் போகவில்லை. தோட்டத்தின் அடுத்த டிவிசனில் அப்படி யாரும் பார்க்கவில்லை. அங்கே செத்துப்போனவர்களில் என்னிடம் படித்த பிள்ளை ஒன்றும் உண்டு.

பாதை திறந்த பிறகு அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பறை மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் பாய் விரித்திருந்தார்கள். கடைக்காரர் யாரோ கொடுத்த பெரிய கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"உசிரு இருக்கு டீச்சர். அது போதும்," என்றார்.

வெளியே வந்தபோது அக்கா என் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். "அவரு கேக்கமாட்டாரு. அங்குட்டு ஆளுக செத்துக் கெடக்குறாங்க, இவனுக்குப் பாட்டு கேக்குதான்னு நெனைப்பாங்களாம். சாப்பாடே எறங்கல. அந்த ரெக்கோடெல்லாம் என்னாச்சுன்னு நீங்க யாரையாவது வச்சுப் பாக்கமுடியுமா?"

நான் ரயில்வேக்காரரிடம் சொன்னேன். அவர் கண்டக்டருக்குச் சொன்னார். மண் சரிந்த இடத்துக்குப் போகலாம் என்று அதிகாரிகள் அனுமதித்த நாளில் இருவரும் மண்வெட்டியோடு வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் கடைசிக் காம்பராவுக்குப் போகவில்லை. முதல் காம்பராவிலிருந்து தொடங்கினார்கள். ஒரு தையல் மிசின், கேஸ் சிலிண்டர், சாமிப்படம், கல்யாண அல்பம், பள்ளிப் பைகள் என்று ஒவ்வொன்றாகச் சேற்றிலிருந்து வெளியே வந்தன. அடுத்த நாளும் வந்தார்கள். இசைத்தட்டு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. ரயில்வேக்காரருக்குக் கை கொப்புளித்துவிட்டது. அவர் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் மண்வெட்டியை எடுத்ததை நான் பார்த்தேன்.

கடைசியில் அந்தப் பக்கத்துக் காம்பராக்காரர்தான் நிமிர்ந்து நின்று சுற்றிப் பார்த்தார். தன் சாமான்கள் கிடைத்துவிட்டன அவருக்கு. "இந்த மூலைலதானே அண்ணனோட அலுமாரி இருந்துச்சு? நம்ம செவத்துல ஒட்டித்தான் நின்னுச்சு. பாட்டுப் போட்டா என் செவுரு அதிரும்," என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் முதல் வெட்டை அவரே போட்டார்.

அலுமாரி மல்லாந்து கிடந்தது. ரெக்கோட் பிளேயர் நசுங்கிவிட்டது. இசைத்தட்டுகளில் கால்வாசி உடைந்திருந்தன. மற்றவை சேற்றில் ஒட்டிக்கொண்டு, ஒரே கட்டியாக வந்தன. அவற்றை உரப்பையில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் என் வீட்டு முற்றத்தில் கூடினோம். கடைக்காரரையும் அக்காவையும் கண்டக்டர் கூட்டிவந்தார். எதற்கென்று சொல்லாமல் கூட்டிவந்தாராம். வரிசையாக வைத்திருந்த பேசின்களையும் அந்தக் கட்டியையும் கடைக்காரர் பார்த்தார். பிறகு கம்பளிச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சுடுதண்ணி வேணாம், வளைஞ்சிரும். பச்சத் தண்ணி போதும். பீங்கான் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விடுங்க. குறுக்கால தேய்க்காதீங்க, கோடு போற பக்கமே கைய விடுங்க."

பள்ளிக்கூடத்தில் பார்த்த மனிதர் இல்லை அவர் இப்போது. நாங்கள் அவர் சொன்னபடி கழுவினோம். ஒருவர் முக்கி எடுக்க, ஒருவர் பஞ்சால் துடைக்க, ஒருவர் நல்ல தண்ணீரில் அலச, நான் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஈரத்தை ஒற்றி எடுத்துப் பீங்கான் தட்டு அடுக்கும் கம்பிச் சட்டத்தில் நிறுத்தினேன். அட்டைகள் கூழாகிவிட்டன. அந்த விநோதமான ஓவியங்களைத்தான் அவர் பாட்டைவிடப் பெருமையோடு காட்டுவார். கூழை நான் ஒரு வாளியில் போட்டபோது அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நடுவிலிருந்த காகித லேபல்களும் சேற்றில் ஊறி அழிந்து போயிருந்தன. கறுப்புத் தட்டுகள், எது எதுவென்று தெரியாமல். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. ரயில்வேக்காரர் தன்னுடைய பிளேயரைக் கம்பளியில் சுற்றி, முச்சக்கரவண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை அவர் வேறு யாரும் தொட விட்டதில்லை. சேறு ஊறிய தட்டு ஊசியைக் கெடுத்துவிடும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

"உங்க ஊசி போயிரும் மாத்தயா," என்றார் கடைக்காரர்.

"போனா போகும். ஊசி வேற வாங்கலாம் தானே?" என்று அவர் தன் தமிழில் சொல்லிவிட்டு முதல் தட்டை வைத்தார்.

கரகரப்பு. பிறகு ஒரு மணியொலி. அது முழுதாக ஒலிக்குமுன்னே ஆண்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பெயரைச் சொன்னார்கள். அடுத்த தட்டில் கண்டக்டர் முந்திக்கொண்டார். அதற்கடுத்ததில் வெறும் கரகரப்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரயில்வேக்காரர் சொல்லிவிட்டார். இது எப்படி என்று நாங்கள் சண்டைக்குப் போக, தொடக்கத்தில் இவ்வளவு நீளமான மௌனம் விடுகிற குழு ஒன்றுதானே என்றார். மழைக்குப் பிறகு கடைக்காரர் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

நான் கடையில் கேட்ட அந்தப் பாட்டும் கிடைத்தது. அதை முழுதாக ஓடவிட்டோம். வழக்கம்போல யாரும் பேசவில்லை. நடுவில் எல்லாம் அடங்கிப் புல்லாங்குழல் மட்டும் மெதுவாக ஒலிக்கிற இடம் வந்தபோது தட்டின் காயம் பெரிதாக இருந்தது. மண் உராய்ந்த இரைச்சலில் குழல் முழுக்க மூழ்கிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது பின்னாலிருந்து யாரோ அந்தக் குழலின் மெட்டை மெல்ல முனக ஆரம்பித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அக்கா, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி முனகிக்கொண்டிருந்தார். ஏறி இறங்கி, தாளம் தாவுகிற இடத்தில் சரியாக நிறுத்தி, மறுபடி எடுத்தார். ஒரு பிசகு இல்லை. கண்டக்டரும் சேர்ந்துகொண்டார், பிறகு நாங்கள் எல்லாருமே. இரைச்சல் தணிந்து ஓர்கன் வெளியே வந்தபோது நாங்களும் பாட்டின் அதே இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்திருந்தோம்.

பக்கம் முடிந்ததும் ரயில்வேக்காரர் கேட்டார், "அக்கா, இது எப்ப பழகினது?"

"பழகுறதா? எத்தனை வருசமா குசினில நிக்கிறேன். காது என்ன சும்மாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தட்டுகளைக் கழுவ உட்கார்ந்தார்.

வீடிழந்தவர்களுக்கு வேறு காணி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் கிடைக்கவில்லை. கடைக்காரரும் அக்காவும் இப்போது ஹட்டனில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்கள். கடை திறந்திருக்கிறது. போயா நாட்களில் என் வீட்டில் கூடுகிறோம். தட்டுகளை நான் பழைய பள்ளிக் கொப்பி அட்டைகளால் உறை தைத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பெயரைக் கண்டக்டர் எழுதினார்.

பெயர் எழுதாத உறை ஒன்று மட்டும் இருக்கிறது. அந்தத் தட்டில் வாசிப்பது யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கொழும்பிலிருந்து கொண்டுவந்த நாளிலிருந்து அதை ஒருமுறையும் போட்டதில்லைபோல என்கிறார் அவர். ஓர்கன்காரர் ஒருவர், ஒரு கிட்டார், பாடுவதற்கு யாருமில்லை. பக்கம் முழுக்க ஒரே வாசிப்பு. தொலைபேசியைக் கிட்டே பிடித்தால் பாட்டைக் கேட்டு அதுவே யாரென்று சொல்லிவிடும் என்று கண்டக்டர் எடுத்தார்.

"இருக்கட்டும் தம்பி. கொஞ்ச நாளைக்குப் பேரு தெரியாமலே கேப்போம்," என்று கடைக்காரர் அந்தத் தொலைபேசியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

போன போயாவுக்கும் அதைத்தான் போட்டோம். இரண்டு தடவை.